திருவண்ணாமலையில் முதியோர் பராமரிப்பு: தரத்தை யார் கண்கொண்டு அளப்பது?

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ சேர்ந்து, சில நாள்களில் வீடு திரும்பும் இடம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதே சொல், தாமாக எழவும் குளிக்கவும் உண்ணவும் இயலாத முதியவர்கள் மாதக்கணக்கில், பெரும்பாலும் உயிர் உள்ளவரை, பிறர் கையால் பேணப்படும் இல்லத்தைக் குறிக்கிறது. அத்தகைய இல்லத்துக்கு இங்கே நிலையான பெயர் அமையவில்லை. முதியோர் இல்லம், கருணை இல்லம், காப்பகம், ஆசிரமம் என்று பெயர்ப்பலகையில் பலவாறாக எழுதப்பட்டாலும், உள்ளே நடமாடுபவர்களும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களும் கலந்தே இருக்கிறார்கள். இது சொல்லளவில் நின்றுவிடும் சிக்கல் அன்று. மருத்துவமனை என்ற பொருளிலான நர்சிங் ஹோம், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் பதிவு செய்யப்பட வேண்டியது. முதியோர் இல்லமோ சமூக நலத் துறையின் பொறுப்பில் வருவது. மூக்கு வழிக் குழாயில் கஞ்சி ஏற்றப்பட்டு, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டு, நாள்தோறும் புண்ணுக்குக் கட்டு மாற்றப்படும் ஒரு மூதாட்டி முதல் துறையின் கணக்கில் நோயாளி அல்லர். இரண்டாம் துறையின் கணக்கில் அவர் தங்கியிருப்பவர் மட்டுமே. பராமரிப்பின் தரம் என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

திருவண்ணாமலையில் இக்கேள்வி பிற ஊர்களைவிடக் கூர்மை பெறுவதற்கு ஊரின் இயல்பே காரணம். நினைத்தாலே முக்தி தரும் தலம் என்ற நம்பிக்கையால், கடைசிக் காலத்தை மலையடியில் கழிக்க வருவோர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1896-இல் பதினாறு வயதில் இங்கு வந்து சேர்ந்த ரமணரைத் தேடி அவருடைய தாய் அழகம்மாள் முதுமையில் வந்து தங்கியதும், 1922 மே மாதம் மகனின் கை தம்மேல் இருக்க உயிர் நீத்ததும், அந்தச் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்ததும் ஊரறிந்த வரலாறு. துறவு பூண்டு வந்தவர், ஓய்வூதியத்தை நம்பி வாடகை வீட்டில் தங்குபவர், பிள்ளைகளிடம் சொல்லாமல் புறப்பட்டு வந்தவர், பிள்ளைகளாலேயே அழைத்துவரப்பட்டுக் கிரிவலப் பாதையில் விட்டுச் செல்லப்பட்டவர் எனப் பல நிலையினரும் அந்த 14 கிலோமீட்டர் வட்டத்தில் அருகருகே வாழ்கிறார்கள். எங்காவது ஓரிடத்தில் அன்னதானம் கிடைக்கும் என்ற உறுதி அவர்களை இங்கே நிறுத்துகிறது. நடக்க முடிகிறவரை பாதை அவர்களைத் தாங்குகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, பக்கவாதம் வந்தாலோ, மறதி நோய் முற்றினாலோ இல்லம் ஒன்றைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீடு அதை 13.6 என்று காட்டுகிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. செங்கம், போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் இளையவர்கள் வேலை தேடிப் போய்விட, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையோடு வீட்டைக் காத்துக்கொண்டிருப்பவர்கள் படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே இல்லங்கள் பெருகுவதைத் தடுக்க இயலாது. அவை எப்படிப்பட்டவை என்று அறிந்துகொள்ளும் வழிதான் இன்னும் வகுக்கப்படவில்லை.

தரத்தை அளக்கும் முயற்சிகளுக்கு உலகெங்கும் அடித்தளமாக இருப்பது, பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவேடிஸ் டோனபீடியன் 1966-இல் வெளியிட்ட கட்டுரை. பராமரிப்பை அவர் மூன்று கோணங்களிலிருந்து பார்க்கச் சொன்னார்: கட்டடம், பணியாளர், கருவி, பணம் முதலியவை 'அமைப்பு', அவற்றைக் கொண்டு நாள்தோறும் செய்யப்படுபவை 'செயல்முறை', அதனால் பராமரிக்கப்படுபவருக்கு நேர்வது 'விளைவு'. நல்ல அமைப்பு நல்ல செயலுக்கு இடம் தரும், ஆனால் உறுதி தராது. நல்ல செயலும் நல்ல விளைவை எப்போதும் தருவதில்லை, ஏனெனில் முதுமையும் நோயும் தம் போக்கில் வேலை செய்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலொழிய முடிவு சொல்லக்கூடாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். திருவண்ணாமலை இல்லங்களைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அமைப்பு முக்கியமற்றது என்பதில்லை. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, குந்த இயலாதவர்களுக்கு ஏற்ற கழிப்பறை, சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் ஆகியவை இல்லாத இடத்தில் எவ்வளவு அன்பிருந்தும் எலும்பு முறியும். அக்னித் தலம் என்று பெயர் பெற்ற இவ்வூரில் சித்திரை, வைகாசி வெயிலின்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் படுத்திருப்பவருக்கு உடலில் நீர் வற்றுவது மணிக்கணக்கில் நடந்துவிடும். முதியவர்களுக்குத் தாக உணர்ச்சி குறைந்துவிடுவதால் அவர்கள் தண்ணீர் கேட்பதில்லை. அதைவிட வருத்தத்துக்குரிய காரணம், குடித்தால் சிறுநீர் கழிக்க ஆளைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்தில் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். கூடத்தின் மூலையில் தண்ணீர்க் குடம் இருக்கிறதா என்று பார்ப்பது அமைப்பைப் பார்ப்பது. எட்டாத தூரத்தில் படுத்திருப்பவரின் வாயருகே டம்ளரை யார், எத்தனை முறை கொண்டு போனார்கள் என்று கேட்பது செயல்முறையைப் பார்ப்பது.

செயல்முறையை அறிய வேண்டுமானால் பகலைவிட இரவையே ஆராய வேண்டும். அசைய முடியாத ஒருவரின் உடல் எடை வாலெலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுந்தி, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போவதே படுக்கைப்புண். தொடக்கத்தில் அது சிவந்த திட்டு மட்டுமே. கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், நனைந்த துணியை உடனே மாற்றுதல், போதிய புரதம் ஆகியவை வழக்கமான தடுப்பு முறைகள். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க, 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் தொடுவுணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், ஊட்டம், உராய்வு என்ற ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் இடுகிறது. அதற்கு மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் சில நிமிடங்களில் இட்டுவிடலாம். ஆனால் இரவு பத்து மணிக்கும் விடியலுக்கும் இடையே ஒரு கூடம் முழுவதற்கும் ஒரே ஆயாம்மா இருந்தால் எந்த அளவுகோலும் உதவாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்ற விதி, ஆள் கணக்கையே கடைசியில் கேட்கிறது.

அந்த ஆயாம்மாவைப் பற்றி ஆய்வேடுகளில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. இம்மாவட்டத்துப் பேச்சில் 'ஆயா' என்றால் பாட்டி. பராமரிப்புப் பணிப்பெண்ணுக்கும் அதே சொல். பல இல்லங்களில் தூக்குபவருக்கும் தூக்கப்படுபவருக்கும் வயதில் பெரிய இடைவெளி இருப்பதில்லை. முறையான பயிற்சி இன்றி, கணவனை இழந்தவராகவோ கைவிடப்பட்டவராகவோ தாமும் புகலிடம் தேடி வந்தவர், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாகச் சிறு தொகை பெற்றுக்கொண்டு இவ்வேலையைச் செய்கிறார். அவருக்கு வார விடுமுறை உண்டா, இரவுப் பணி மாறி மாறி வருகிறதா, கையுறை கிடைக்கிறதா, முதுகுவலிக்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்ற கேள்விகள் தொழிலாளர் நலனோடு முடிபவை அல்ல. ஓர் இல்லத்தின் தரத்தைக் கணிக்க இவற்றைவிட நம்பத்தக்க குறிகள் சிலவே உள்ளன.

மருந்து இன்னொரு வாயில். முதியவர்களுக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைத் தொகுத்த பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதன்முதலில் வெளியானபோது, அது குறிப்பாகப் பராமரிப்பு இல்லவாசிகளைக் கருதியே தயாரிக்கப்பட்டது. தூக்க மாத்திரையும் மனநோய்க்கான மருந்தும் மறதி நோயாளிகளை அமைதியாக்கும். கூடவே விழுதலையும் விழுங்கும்போது புரையேறுவதையும் கூட்டும். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தை உயர்த்துகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. பார்வையாளர் வரும்போது ஓசையற்று இருக்கும் கூடம் நல்ல பெயர் வாங்குகிறது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இங்கே இவ்வூருக்கே உரிய ஒரு நிலையை விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பெரும்பாலான இலவச இல்லங்கள் நன்கொடையால் நடப்பவை. நன்கொடையோ பெரும்பாலும் சாப்பாடாகவே வருகிறது. பிறந்த நாள், திருமண நாள், பெற்றோரின் திதி, பௌர்ணமி, தீபம் என்று நாள் குறித்து மக்கள் இலை போடுகிறார்கள். இந்த ஈகை உண்மையானது. பல நூறு உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது அளவீட்டைத் திசைதிருப்புகிறது. கொடுப்பவர் கண்ணால் காண்பது இலையும் வடையும் பாயசமும் உண்பவரின் முகமலர்ச்சியும். சர்க்கரை நோயாளிக்கு அன்று மாலை இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறியது, பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறன் குன்றியவருக்கு வடை புரையேறியதா, கொடுப்பவர் வந்து சேர்ந்து படம் எடுக்கும்வரை இன்சுலின் போட்டுக்கொண்டவர் எத்தனை நேரம் பசியோடு காத்திருந்தார் என்பவை அவர் கண்ணுக்குப் படுவதில்லை. கார்த்திகையில் மிஞ்சிப் போகும் உணவு ஆனியில் குறைகிறது. இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கும், டயப்பருக்கும், வாட்டர் பெட்டுக்கும், வாரம் இருமுறை வரும் இயன்முறை மருத்துவருக்கும் நாள் குறித்துக் கொடுப்பவர் அரிது. அவற்றில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. ஆக, இல்லத்தை நடத்துபவர் தம் மேலாண்மைத் திறமை முழுவதையும் கொடுப்பவரின் மனநிறைவை நோக்கித் திருப்ப வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். படுத்திருப்பவரின் நிறைவு அங்கே யாருடைய கணக்கிலும் வராமல் போகிறது. இவ்வூரில் தர மதிப்பீடு செய்ய வேண்டிய முதல் வேலை, பார்க்கும் கண்ணைக் கொடுப்பவரிடமிருந்து பெறுபவரிடம் மாற்றுவதே.

பெறுபவரின் கண்ணிலிருந்து பார்க்கும்போது விளைவுகள் உடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. சிட்னி காட்ஸ் 1963-இல் வகுத்த அட்டவணை குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் என்ற ஆறு செயல்களில் ஒருவர் எவற்றைத் தாமே செய்கிறார் என்று பதிகிறது. சேர்ந்த நாளில் தாமே உண்டவர் ஆறு மாதம் கழித்து ஊட்டப்படுகிறார் என்றால், நோய் முற்றியதா, அல்லது ஊட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஊட்டப்பட்டாரா என்று கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் ஐந்து விழுக்காடோ ஆறு மாதத்தில் பத்து விழுக்காடோ எடை குறைவது அமெரிக்க இல்லங்களில் உடனே விசாரிக்க வேண்டிய அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. 40 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு முதல் அளவு வெறும் இரண்டு கிலோ. எடை பார்க்கும் கருவி ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் போதுமான இந்தச் சோதனை, எந்தப் பளிங்குத் தரையையும்விட அதிகம் சொல்லும்.

விளைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. கட்டணம் செலுத்தும், நடமாடும் முதியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தில் புண்ணும் மரணமும் குறைவாகவே இருக்கும். கிரிவலப் பாதையில் புழு வைத்த காலோடு கிடந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் இல்லத்தில் இரண்டும் கூடுதலாக இருக்கும். எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் இரக்கமுள்ள இல்லமே தோற்கும். ஆகவே சேரும் நாளிலேயே ஒவ்வொருவரின் நோய்ச்சுமையையும் பதிந்து, அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும் என்பது ஆய்வுலகில் ஏற்கப்பட்ட விதி. சேரும்போதே இருந்த புண்ணையும் சேர்ந்தபின் வந்த புண்ணையும் தனித்தனியே எழுதுவது அதன் எளிய வடிவம்.

பிற நாடுகளின் பட்டறிவில் இங்கு பொருந்துவது சிறிதளவே. அமெரிக்காவில் 1986-இல் வெளியான மருத்துவக் கழக அறிக்கையைத் தொடர்ந்து 1987-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு இல்லவாசியையும் குறித்த இடைவெளியில் மதிப்பிடவும், காரணமின்றிக் கட்டிவைப்பதைத் தடுக்கவும் வழிசெய்தது; கட்டிவைத்தல் அதன்பின் பெருமளவு குறைந்தது. 2008 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நட்சத்திரத் தரவரிசையோ, பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லக் கேட்டு எழுதியதால் நம்பிக்கை இழந்து, பின்னர் சம்பளப் பதிவிலிருந்தே அதை எடுக்கும் முறைக்கு மாறியது. இங்கிலாந்தின் ஆய்வு அமைப்பு, இல்லம் பாதுகாப்பானதா, பயனுள்ளதா, பரிவுள்ளதா, தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நன்கு நடத்தப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கிறது. இத்தனை ஏற்பாடுகள் உள்ள செல்வ நாடுகளிலும் நிலை சீராகிவிடவில்லை: ஆஸ்திரேலிய அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2019-இல் தன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பு 'புறக்கணிப்பு' என்ற ஒற்றைச் சொல். நான்கு பணியாளர்கள் உள்ள இல்லத்தின்மேல் நாற்பது படிவங்களைச் சுமத்தினால், புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய கைகள் எழுதிக்கொண்டிருக்கும். எடை, தோல், விழுதல், மாத்திரை, மரணம் ஆகிய ஐந்துக்கும் ஐந்து பதிவேடுகள் ஒழுங்காக இருந்தாலே இங்கு பெரும் முன்னேற்றம்.

சட்டத்தின் நிலை இன்னும் பலவீனமானது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றேனும் மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பெற்றோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. பராமரிப்பு இல்லங்கள் அனைத்துக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் வரையறுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லம் விசாரணைக்கு உள்ளானது, வழியில் நிறுத்தப்பட்ட ஒரு வாகனத்தால். 2023-இல் அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் குண்டலப்புலியூரில் இன்னோர் இல்லம் விசாரணைக்கு உள்ளானது, முதியவர் ஒருவரைத் தேடிவந்தோர் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனுவால். இரண்டு இடங்களிலும் வழக்கமான ஆய்வு உண்மையை முதலில் வெளிக்கொணரவில்லை. யாரும் தேடி வராதவர்களுக்கு மனு போட யார் இருக்கிறார்கள் என்பது அச்சம் தரும் கேள்வி.

தேடி வருவோர் இல்லாதவரிடமே நேரில் கேட்பதுதான் எஞ்சும் வழி. இங்கும் திருவண்ணாமலைக்கே உரிய இடர்ப்பாடு உண்டு: ஆந்திரம், கர்நாடகம், வட மாநிலங்கள் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரியாதவரும் மறதி நோயால் மொழியை இழந்தவரும் வலியைச் சொல்ல முடியாதவர்கள்; மூச்சு, முனகல், முகக்குறிப்பு, உடலின் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்கும் தன்மை ஆகியவற்றைக் கொண்டு வலியைக் கணிக்கும் முறை 2003-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. பேச முடிந்தவர்களிடமோ, நடத்துபவர் அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால் புகலிடத்தை இழக்க அஞ்சுபவர் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்வார். நேற்று எப்போது குளித்தீர்கள், யார் குளிப்பாட்டினார்கள், மறைப்புத் துணி இருந்ததா, வெளியே போக வேண்டும் என்றால் விடுவார்களா, உங்களை நீங்கள் என்று அழைக்கிறார்களா நீ என்று அழைக்கிறார்களா என்று கேட்டால் பதில் வேறாக வரும். பாதையிலிருந்து அழைத்துவரப்பட்டவர் தம் விருப்பத்தோடு வந்தாரா என்பதும் இவ்வரிசையில் கேட்கப்பட வேண்டியதே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயோடு அலைந்து திரிபவரைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது, ஏதேனும் ஓர் இல்லத்தில் இறக்கிவிட அது இடம் தரவில்லை.

ஆய்வுக்குச் செல்லும் நாளும் முக்கியம். சித்திரைப் பௌர்ணமியும் கார்த்திகைத் தீபமும் பல லட்சம் பேரைக் கிரிவலப் பாதைக்கு அழைத்துவர, வாகனங்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. அந்த இரவில் பாதையோரத்து இல்லமொன்றில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வழியாகக் கொண்டுசெல்வது, ஆக்சிஜன் உருளை இருக்கிறதா, மாற்றுப் பணியாளர் கூட்டத்தைக் கடந்து வந்து சேர்ந்தாரா என்பவற்றுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில் உள்ள இல்லம் பிற நாள்களிலும் கவனமாக நடக்கும் என்று நம்ப இடமுண்டு. ஆய்வு அலுவலர்களும் அன்று பாதுகாப்புப் பணியில் இருப்பார்கள். ஆகவே மறுநாள் காலையாவது அவர்கள் இல்லங்களுக்குள் செல்வது வழக்கமாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரணத்தைப் பற்றிய இவ்வூரின் மனநிலை ஒரு தடையாக நிற்கிறது. இங்கே இறந்தவர் அண்ணாமலையார் பாதம் சேர்ந்தார் என்று சொல்லப்படும்போது, சொல்பவரின் நம்பிக்கையில் பொய் இல்லை. ஆனால் அச்சொல்லுக்குப் பின்னால், நீர் வற்றி இறந்தவரும் புண் அழுகி இறந்தவரும் காலம் முடிந்து அமைதியாகப் போனவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆதரவற்றவரின் உடல் விரைவில் அடக்கம் செய்யப்படுகிறது; காரணம் கேட்க உறவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, சத்திரம், தர்மசாலை, விடுதி முதலியவற்றில் நிகழும் இறப்பை அவ்விடத்தின் பொறுப்பாளரே பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறது; 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டிய அத்தகவலில் பெயர், வயது, நாள், இடம் இருக்கின்றன. இல்லத்தின் மரணப் பதிவேட்டில் அவற்றோடு இன்னும் நான்கு கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும்: கடைசியாக எடுத்த எடை, உடலில் இருந்த புண்கள், கடைசி வாரத்தில் கொடுத்த மருந்துகள், இறக்கும்போது அருகில் இருந்தவரின் பெயர்.